அஞ்சலைக்கு எந்த வண்டி லாபம்?

ஆடி முடிந்து வந்த முதல் புதன்கிழமை. அஞ்சலை என் வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்தாள். வழக்கமாக, கூடை தரையைத் தொடுவதற்கு முன்பே 'இன்னிக்கு சங்கரா கீது, நெத்திலி கீது' என்று ஆரம்பித்துவிடுவாள். அன்று மீனைப் பற்றிப் பேச்சே இல்லை. இடுப்பிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினாள்.

"டீச்சர், ஒரு கணக்கு கீது. போட்டுக் குடு."

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறாள். நாற்பத்தைந்து வயது. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்த மீனோடு, அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வருவார்கள். மார்க்கெட் வாசலில் விற்றது போக மிச்சத்தை, புதன்கிழமைகளில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவருவாள் அஞ்சலை.

நான்? முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். இப்போது ரிட்டயர்டு. ஏரிப் பக்கம் ஒரு ஃப்ளாட், தரைத்தளம். கணவர் போய் நாலு வருஷம். மகன் வெளிநாட்டில். ஆக, கால் கிலோ மீன் வாங்குகிற கஸ்டமர்.

கால் கிலோ கேட்டால் மீன் விற்கிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அஞ்சலை பார்த்ததில்லை. ஆய்ந்து, கழுவி, தலையைப் பூனைக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போவாள். ஆரம்பத்தில் அவளை 'வாங்க, போங்க' என்றுதான் சொன்னேன். "இன்னா டீச்சர், கலெக்டரம்மாவக் கூப்புடுற மாதிரி கூப்புடுற" என்று சிரித்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

காகிதங்களுக்கு வருகிறேன். ஒன்று, பேட்டரி ஸ்கூட்டர் கடை நோட்டீஸ். இன்னொன்று, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு மெக்கானிக் கிறுக்கிக் கொடுத்தது — பழைய மொபெட், இருபத்து நாலாயிரம்.

"ரெண்டுல எது லாபம்? நகைய வித்துட்டேன். பேட்டரி வண்டிக்கும் காசு வரும். ஆனா எம்பளது ரூபா வண்டில ஏமாந்துடக் கூடாது பாரு." 'எம்பளது ரூபா' என்றால் ஏறக்குறைய எண்பதாயிரம்; நோட்டீஸில் எழுபத்தொன்பதாயிரம். ஆயிரத்தைப் பற்றியே பேச்சு என்றால், ஆயிரத்தை அவள் வாயால் சொல்வதில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ரிட்டயர் ஆன பிறகு என்னிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். பழைய வரைபடத் தாள்கூட ஒன்று அலமாரியில் கிடைத்தது.

"ஒரு நாளைக்குப் போக வர எவ்வளவு தூரம்?"

"தெருவெல்லாம் சுத்துறதோட அறுவது கிலோமீட்டர் வெச்சிக்கோ."

மொபெட்டுக்குப் பெட்ரோல், ஆயில், அவ்வப்போது ரிப்பேர் — சராசரியாக நாளைக்கு நூற்று முப்பது ரூபாய். பேட்டரி வண்டிக்குக் கரண்டும் டயர் தேய்மானமும் சேர்த்து இருபது ரூபாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நேரியல் சமன்பாடுதான். ஓட்டுகிற நாட்கள் எத்தனை என்பது எக்ஸ். மொபெட்டுக்கு இருபத்து நாலாயிரம், கூட நூற்று முப்பது எக்ஸ். பேட்டரி வண்டிக்கு எழுபத்தொன்பதாயிரம், கூட இருபது எக்ஸ்.

முதல் கோடு கீழே ஆரம்பித்துச் சரசரவென்று ஏறும். இரண்டாவது கோடு உயரத்தில் ஆரம்பித்து, ஏறுவதே தெரியாமல் போகும். எங்கே இரண்டும் வெட்டிக்கொள்கிறதோ, அங்கே செலவு சமம். வாங்குகிற விலையில் வித்தியாசம் ஐம்பத்தையாயிரம். தினமும் மிச்சம் நூற்றுப் பத்து. வகுத்தால்... ஐநூறு.

"ஐநூறு நாள் ஓட்டினா ரெண்டுக்கும் ஒரே செலவு, அஞ்சலை. எண்பத்தொன்பதாயிரம். ஐநூத்தி ஒண்ணாவது நாள்லேர்ந்து பேட்டரி வண்டிதான் லாபம். மாசத்துக்கு இருபத்தாறு நாள்னு வெச்சா, பத்தொன்பது இருபது மாசம்."

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இருபத்தாறு நாளா? காத்து அடிச்சா கடலுக்குப் போவ மாட்டாங்க. தடைக்காலத்துல பெரிய மீனே இருக்காது. ஊருல சாவு வுழுந்தா போட்டு கடல்ல எறங்காது. மாசத்துக்கு இருபது போடு டீச்சர்."

திருத்தினேன். இருபத்தைந்து மாதம். முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவியும் கணக்கில் கொடுத்த எண்ணையே திருத்திச் சொன்னதில்லை.

பழக்க தோஷம். கணக்கை முழுமையாக முடிக்க வேண்டும் என்று மூன்றாவது கோடு ஒன்றும் போட்டேன். இப்போது போகிற லோடு ஆட்டோ. முதல் இல்லை, நாளைக்கு நூறு ரூபாய். போட்டுப் பார்த்தால்... மொபெட் என்றைக்குமே ஆட்டோவை முந்தாது. பேட்டரி வண்டி முந்த நாலு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"ஐநூறு நாளுக்கு ஆட்டோ செலவு ஐம்பதாயிரம்தான். எதுக்கு வண்டி? ஆட்டோவிலேயே போயேன்."

"ஆட்டோவ இன்னாத்துக்கு எழுதுற? அத்த அடிச்சுடு. ரெண்டுல எதுன்னுதான கேட்டேன்."

குரல் மாறியிருந்தது. பேனாவை வைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

பொங்கல் கழிந்த வாரம். அஞ்சலையின் கணவர் சேகரும், பக்கத்து வீட்டு மகேஸ்வரியின் கணவர் குமாரும் ஒரே ஃபைபர் போட்டில் போனார்கள். எப்போதும் சேர்ந்து போகிறவர்கள்தான். திரும்பும்போது கரைக்குக் கிட்டே அலை தூக்கிக் கவிழ்த்துவிட்டது. சேகர் நீந்திக் கரையேறிவிட்டார். குமார் மறுநாள்தான் கிடைத்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர். உன் புருஷன் மட்டும் எப்பிடி வந்தான்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டாக்கூட அழுதுட்டுப் போயிடுவேன்."

மகேஸ்வரி — அஞ்சலைக்கு மகேசு — மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி மீன் விற்க வந்தாள். அதே லோடு ஆட்டோ. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள்.

"நான் ஏறுனா பேச்சு நின்னுபூடுது. எங்க வூட்டுக்காரரு காலையில பத்து வாட்டி போன் பண்ணுவாரு. தீப்பெட்டி எங்க, பனியன் எங்க, இதான். முன்னாடி நானும் மகேசும் வுழுந்து வுழுந்து சிரிப்போம். இப்ப போன் அடிச்சா அவ மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிறா. அதான் ஏறும்போதே அணைச்சிடுறேன். வூட்டுக்குப் போனா அந்த ஆளு கத்துறாரு, எங்க செத்துப் போயிருந்தன்னு. அந்த வார்த்தையக் கேட்டதும் அவரு வாயப் பொத்திடுறேன் டீச்சர்."

ஏரிக்கரையில் ஒரு ரயில் போய் முடிந்தது.

நான் அப்போது ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கணவர் போன பிறகு நான் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் ஒருவர் தினமும் தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிப் புலம்புவார். நடித்தே காட்டுவார். நான் உள்ளே நுழைந்தேன். குறட்டை பாதியில் நின்றது. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகிற வரை அந்த அறையில் யாருடைய கணவரும் குறட்டை விடவில்லை, சட்டையைத் தொலைக்கவில்லை, உப்பு போதவில்லை என்று சண்டை போடவில்லை. எல்லோரும் நல்லவர்கள். என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த அமைதியில்தான் எனக்குத் தெரிந்தது... என் வீட்டில் இல்லாதவர் இங்கேயும் இல்லை என்று. என் எதிரில் சாதாரணமாகப் பேச ஒருத்தரும் மிச்சமில்லை என்று.

மகேஸ்வரியின் இடம் எனக்குத் தெரிந்த இடம். அதை அஞ்சலையிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்?

"பேட்டரி வண்டியே வாங்கு."

கேட்ட கேள்விக்குப் பதில். டீச்சர் புத்தி.

இரண்டு வாரத்தில் வண்டி வந்துவிட்டது. ஆகாய நீலம். பின்னால் ஐஸ் பெட்டி. சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது.

"எப்படி ஓடுது?"

"வண்டிக்கு இன்னா, சூப்பராக் கீது." கூடையிலிருந்து நாலு சங்கராவை எடுத்தாள். செதில் சீவினாள். "வழியில பேச்சுத்தொண இல்ல. திருக்கழுக்குன்றம் வரைக்கும் நானே பேசிக்கினு வரேன். ரெண்டு பேரு திரும்பிப் பாத்துட்டுப் போறானுங்க, லூசு போலன்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு யோசித்தேன் — நான் எத்தனை நாளாகச் சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்? நல்லவேளை, என்னைக் கடந்து போக அங்கே ஆள் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். எதற்கு? மீன் வாங்கத்தான் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மகேஸ்வரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அஞ்சலை அதற்குள் தெருக்களுக்குக் கிளம்பியிருந்தாள்; மகேஸ்வரி வரிசையில் கடைசி. ஒல்லியான பெண், நெற்றியில் ஒன்றும் இல்லை. கால் கிலோ நெத்திலி கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சலையாண்ட வாங்குற டீச்சர்தான நீ? வண்டிக்குக் கணக்கு போட்டுக் குடுத்தியாமே."

ஆமாம் என்றேன்.

"நல்லாப் போட்ட." தராசில் நெத்திலியை அள்ளி வைத்தாள். "என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு வாங்கிக்கினா. பொட்டு இல்லாதவ பக்கத்துல குந்துனா தனக்கும் ஒட்டிக்கும்னு பயம். இருக்கட்டும். அவளாவது நல்லா இருக்கட்டும்."

ஒருத்தி நம்பிச் சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது. தெரியும். இத்தனை வருஷத்தில் ஸ்டாஃப் ரூம் ரகசியம் ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. ஆனாலும் அன்று வாய் நிற்கவில்லை.

"மகேஸ்வரி, உன் முன்னாடி சேகர் போன் வந்தா உனக்கு வலிக்கும்னு அவ போனை அணைச்சு வெச்சிருந்தா. நீ திரும்ப வந்து கொஞ்ச நாள்லேர்ந்து. தினமும்."

தராசு அப்படியே நின்றது.

"அணைச்சி வெச்சாளா?"

"ஆமா."

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னு தெரியுமா உனக்கு? சேகரு அண்ணன் போன் பண்றதையே வுட்டுட்டாரு, அவங்க வூட்லயும் பேச்சு நின்னுபூட்ச்சின்னு நெனச்சேன். எங்க வூடு போன மாதிரி அந்த வூடும் போச்சு, எல்லாம் எங்களாலன்னு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்தாண்ட திரும்புனது அழுவறது தெரியக் கூடாதுன்னு டீச்சர். அந்த ஆளு தீப்பெட்டி கேக்குறது எனக்குக் கேக்கணும். எங்க வூட்டுக்காரரு இருக்கும்போது கேட்ட சத்தம் அது. அது ஒண்ணுதான் மாறாம இருந்திச்சி."

பின்னால் ஒரு அம்மாள் 'வஞ்சிரம் இருக்கா' என்று கேட்டார். மகேஸ்வரி கண்ணைத் துடைத்துவிட்டு, இல்லை என்று சொன்னாள். நான் நெத்திலியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை அஞ்சலை வரவில்லை.

பத்தரைக்குச் சட்டியைக் கழுவி வைத்தேன். புளி ஊறப்போட்டேன். பதினொன்று. பன்னிரண்டு. கேட்டில் சத்தம் கேட்டபோது எழுந்து போனேன் — கொரியர், மேல் வீட்டுக்கு. புளியை ரசமாக்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த புதனும் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்னது அவள் காதுக்குப் போய்விட்டது. வாரத்தில் என் வாசலில் வந்து உட்காருகிறவள் ஒரே ஒருத்தி. அவளையும் என் வாயாலேயே துரத்திவிட்டேன். போன் செய்யலாமே என்பீர்கள். இரண்டு வருஷமாகத் தெரிந்தவள், நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றியதில்லை. அவள்தான் தவறாமல் வருகிறாளே என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் மகனிடம் பேசும்போது, மீன் விற்கிற பெண் வரவில்லை என்று சொன்னேன். "ஆன்லைன்ல ஆர்டர் பண்ணும்மா, கிளீன் பண்ணியே வரும்" என்றான். நல்ல பிள்ளை. அவனும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறான். யாரிடம் கற்றுக்கொண்டான் என்று தெரியும்.

மூன்றாவது புதன். பத்தே முக்கால். வாசலில் நீல வண்டி.

இறங்கியதும் அஞ்சலை கேட்டாள். "யாரு உன்னச் சொல்லச் சொன்னா?"

"தப்புதான்."

"தப்புதான். ஊருல ஒருத்திகிட்டயும் சொல்லாதத உங்கிட்ட சொன்னேன். நீ மார்க்கெட்டுல நின்னு சொல்லிக்கீற." கூடையை இறக்கினாள். உட்கார்ந்தாள். "உன் மேல கோவம். அதான் மொத வாரம் வரல. போன வாரம் காத்து, போட்டு எறங்கல. கோவம்லாம் அப்பவே போயிடுச்சு."

அப்புறம் நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதிக்கோ" என்றாள்.

நான் மார்க்கெட்டுக்குப் போன ஞாயிறன்று சாயங்காலம் மகேஸ்வரி அஞ்சலை வீட்டுக்குப் போயிருக்கிறாள். குமார் போன பிறகு அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. சேகர் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். "உக்காருண்ணா" என்றாளாம். வேறு ஒன்றும் பேசவில்லை. டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். போகும்போது அஞ்சலையிடம் சொன்னாள்: "நாளைக்கு ஆட்டோவுல வா. போன அணைச்சின்னா கடல்ல தூக்கிப் போட்டுடுவேன்."

திங்கட்கிழமை அஞ்சலை நீல வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பழைய இடம், மகேஸ்வரிக்குப் பக்கத்தில். மாமல்லபுரம் தாண்டி, உப்பங்கழிப் பாலம் வந்தபோது போன் அடித்தது.

"எனக்குக் கை ஓடல டீச்சர். அல்லாரும் என்னியே பாக்குறாங்க. எடுத்தேன். அந்த ஆளு, உப்பு டப்பா எங்கன்னு கேக்குறாரு. மகேசு என் கையிலேர்ந்து போனப் புடுங்கிக்கினா. 'அண்ணா, அடுப்புக்கு மேல மாடத்துல கீது பாரு, கண்ணு தெரியலியா உனக்கு'ன்னு கேட்டா. அவ்ளோதான். அந்தாண்டப் பக்கம் பேச்சே இல்ல. பெறவு அந்த ஆளு அழுவுறது கேட்டுச்சு. ஏழு மாசமா அழுவாத ஆளு டீச்சர். அப்புறம் ஆட்டோவே அழுதுச்சு. டிரைவரு வண்டிய ஓரமா நிறுத்திட்டு எறங்கிப் போய் நின்னுக்கினாரு."

அஞ்சலைதான் பேச்சை மாற்றினாள்.

"அது கெடக்கட்டும். கணக்கு ஒண்ணு சொல்லு. இப்ப வாரத்துல ரெண்டு நாளுதான் வண்டிய எடுக்குறேன், தெருவுக்கு வர்ற நாள்ல. மீதி நாளு ஆட்டோ. உன் ஐநூறு நாளு எப்ப முடியும்?"

மாதத்துக்கு எட்டு நாள். ஐநூறை எட்டால் வகுத்தேன்.

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். இப்படின்னு தெரிஞ்சிருந்தா மொபெட்டே போதும். மொபெட்டும் வேணாம், ஆட்டோவே..."

"ஆவட்டும் வுடு."

சமன்பாட்டில் பிழை இல்லை. வகுத்ததிலும் இல்லை. எது மலிவு என்று ஒருத்தர் கேட்கும்போது, பலசமயம் அவர் கேட்பது அதையே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தெரியவில்லை... அல்லது, கணவர் போன புதிதில், இதைத் தெரிந்துகொள்ள வேண்டியபோது யாரும் என்னிடம் வந்து வண்டி விலை கேட்கவில்லை.

கால் கிலோ சங்கராவை ஆய்ந்து கொடுத்தாள். இந்த முறை போன் நம்பரைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டேன். நீல வண்டி சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. மணி பதினொன்றே கால்.

அடுத்த புதனுக்கு இன்னும் ஏழு நாள் — இதில் கண்டுபிடிக்க எக்ஸ் எதுவும் இல்லை.